முன்னால் போடும் மூன்று எண்கள்

ஆறு மணிக்கு எழுந்தான். பாலை அடுப்பில் வைத்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டான். பன்னிரண்டு நிமிடம். அதற்கு மேல் விட்டால் மேல்வீட்டு டீச்சர் குரல் கொடுப்பார். குளியலறை பல்பு ஃபியூஸாகி எட்டு மாதமாகிறது. அதனால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நடைவழி வெளிச்சத்தில் பல் விளக்கினான். பால் பொங்குவதற்குள் அணைத்தான். ஒரு கப் டீ. மோட்டாரை நிறுத்தினான். சட்டையைப் போட்டான். சாவியைத் தேடினான், கிடைத்தது. கிளம்பும் முன் நடைவழியில் இருந்த டெலிபோனின் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். டயல் டோன் வந்தது. வைத்துவிட்டுக் கதவைப் பூட்டினான்.

இந்த வரிசையில் மாற்றம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகூடச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருமுறை ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றிவிடுவான்.

அன்று வேலை முடிந்து திரும்பியபோது கதவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. டெலிபோன் அலுவலகத்திலிருந்து. இந்தப் பகுதியின் பழைய கம்பி இணைப்புகளை எல்லாம் மாதக் கடைசியோடு எடுத்துவிடப் போகிறார்களாம். கருவியை அலுவலகத்தில் ஒப்படைக்கலாம், ஞாபகார்த்தமாக வைத்துக்கொள்வதிலும் ஆட்சேபணை இல்லையாம். மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

கடிதத்தை இரண்டாக மடித்து டெலிபோனுக்கு அடியிலேயே செருகினான். அந்தப் போனுக்கு எட்டு மாதமாக யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. எண் யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான்.

அவன் லிஃப்ட் பரிசோதகன். கட்டடம் கட்டடமாகப் போய்க் கயிறு, பிரேக், கதவு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, உச்சியில் இருக்கும் இயந்திர அறையின் அட்டையில் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பது வேலை. அவன் மனைவி காது மிஷின் பொருத்தும் கிளினிக்கில் இருந்தாள். மிஷினை மாட்டியதோடு காது கேட்டுவிடாது என்பதே அவள் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் சும்மா கிடந்த காதுக்குச் சத்தம் வருமாம், வார்த்தை வராதாம். பழக்க வேண்டும். நேரில் பேசும்போது உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார்கள். போனில் உதடு ஏது? அதனால் புதன்கிழமைகளில் அவள் வீட்டிலிருந்தே ஒவ்வொருவரையாகப் போனில் கூப்பிட்டு மூன்று வாக்கியம் சொல்வாள். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்லி, ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மொபைலில் குரல் நசுங்கிவிடும், கம்பிப் போனில்தான் ழகரம் ழகரமாகவே போய்ச் சேரும் என்று சொல்லி, எல்லோரும் கைகழுவிவிட்ட கம்பிப் போனை அவள் மட்டும் தேடிப்போய் வாங்கினாள்.

செருப்பு அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் பேசுவாள். முழங்காலை மடக்கி, மடியில் அட்டைப் பெட்டி, விரலில் ஒயரைச் சுற்றிச் சுற்றி விடுவாள். தலை சாய்கிற இடத்தில் சுவர் கொஞ்சம் கறுத்திருக்கும். என்ன வாக்கியம் சொல்வாள் என்று அவன் கேட்டதில்லை. புதன்கிழமை பகலில் அவன் ஏதாவது ஒரு கட்டடத்தின் தலையில் நின்றுகொண்டிருப்பான்.

வம்பு முதல் மாதமே வந்தது. பேக்கரிக்காரர் ஒருவர். இருபது வருஷம் மாவு பிசையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று காதைத் தொலைத்தவர். போனில் முதன்முதலாக ஒரு வாக்கியம் முழுசாகக் காதில் விழுந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. திரையில் விழுந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு சாயங்காலமே திருப்பி அடித்தார். மறுநாளும் அடித்தார். அதற்கு மறுநாளும். சொல்லி வைத்தாற்போல அவர்கள் தட்டின் முன்னால் உட்காரும் நேரம். பேச விஷயம் ஒன்றும் இருக்காது. இன்னும் கேட்கிறதும்மா என்பார், வைத்துவிடுவார். ஒருநாள் அவனே எடுத்தான். யார் பேசுவது என்று கேட்டார். வீட்டுக்காரர் என்றான். பேக்கரிக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"உங்க குரல் அவ்வளவு தெளிவா இல்லை. அம்மாகிட்ட குடுங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் புரையேறி, அவன்தான் தலையில் தட்ட வேண்டியிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பேக்கரிக்காரர் கிளினிக்கில் கூட உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேருக்கு எண்ணைத் தாரை வார்த்திருந்தார். வீடு வீடாக இல்லை, விசாரணைக் கவுண்டராகிவிட்டது. அவன் டெலிபோன் அலுவலகத்துக்குப் போய் எண்ணையே மாற்றி வாங்கினான், புது எண்ணை மறைக்கும் வழியையும் கேட்டுக்கொண்டு வந்தான். கூப்பிடும் எண்ணுக்கு முன்னால் மூன்று ஏழு மூன்று என்று அடித்தால் எதிர்முனையில் நம் எண் விழாது. ஒரு சீட்டில் எழுதிக் கருவியின் நெற்றியிலேயே ஒட்டினான். கிளினிக் வேறு, வீடு வேறு என்றான். வீட்டு எண் காதும் காதும் வைத்த மாதிரி இருக்க வேண்டும் என்றான்.

"காது மிஷின்காரிகிட்ட சொல்ற வார்த்தையா இது, லிஃப்ட்காரரே" என்றாள்.

அவள் அவனை அப்படித்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் 'என்னங்க'.

ஆனாலும் சொன்னதைச் செய்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னால் அந்த மூன்றையும் போட்டாள். இரண்டே மாதத்தில் அது விரலில் ஊறிவிட்டது. சீட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவனுக்கோ வேறொரு பிடிவாதம் உண்டு. எண் மறைத்து வருகிற எந்த அழைப்பையும் எடுக்க மாட்டான். பேரைச் சொல்லாமல் கதவைத் தட்டுகிறவனுக்கு எதற்குத் திறப்பது என்பான். உங்களை மாதிரி ஒரு பேஷன்ட் வந்து சேர்ந்தால் என் பிழைப்பு அவ்வளவுதான் என்று அவள் கையெடுத்துக் கும்பிடுவாள்.

அந்தப் புதன்கிழமை பதினொன்று முப்பத்தெட்டுக்கு அவன் பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் இயந்திர அறையில் இருந்தான். மொபைல் அடித்தது. எடுத்துப் பார்த்தான். எண் இல்லை. பைக்குள் திரும்பப் போட்டான். அடித்து ஓய்ந்தது. அட்டையில் பதினொன்று நாற்பது என்று எழுதிக் கையெழுத்து வைத்தான்.

பன்னிரண்டரைக்கு மேல்வீட்டு டீச்சர் கூப்பிட்டார். அவருக்குக் காலை ஷிப்ட் பள்ளி, பதினொன்றரைக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார். ஏதோ சொல்லக் கீழே இறங்கி வந்தவர், திறந்திருந்த கதவு வழியாக, நடைவழியில் அவள் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். அவன் வந்து சேர்ந்தபோது படிக்கட்டெல்லாம் ஈரம், ஈரத்தில் யார் யாருடையவோ செருப்புத் தடம். மூளையில் ஒரு ரத்தக் குழாய் என்றார் டாக்டர். சுவிட்சை அணைத்த மாதிரிதான், அவங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது என்றார். எல்லோரிடமும் இதைத்தான் சொல்வார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

எட்டு மாதமாக அவனிடம் இருப்பது ஒரே கேள்வி. அந்த அழைப்பு அவளுடையதா? கை பழக்கத்தில் அந்த மூன்று எண்ணையும் முன்னால் போட்டுவிட்டாளா? முடியவில்லை, வாங்க என்று சொல்லக் கூப்பிட்டாளா? மறைத்த எண்ணைத் திருப்பி அழைக்க முடியாது. உள்ளூர் அழைப்புகளுக்குப் பட்டியலும் வருவதில்லை. டெலிபோன் அலுவலகத்தில் கேட்டான். மறைத்த எண்ணை வெளியே சொல்வதற்கில்லை என்றார்கள். என் வீட்டு எண்ணா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும் என்றான். கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக, அதெல்லாம் பிரைவசி சார் என்றாள். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். இதே கவுண்டரில் அவனே கேட்டு வாங்கிய பிரைவசி.

இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடமும் இல்லை, மாமனாரிடமும் இல்லை. அழவும் இல்லை. கல் மாதிரி இருக்கிறான் என்று பேசிக்கொண்டார்கள். சரியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை லீவு. மாதம் முடிய மூன்று நாள். செருப்பு அலமாரியின் மேல் டிராயரைத் திறந்தான். எட்டு மாதமாகத் தொடாத டிராயர். கிளினிக்கிலிருந்து அப்போதே ஒருவர் வந்து அவள் மேஜையிலிருந்த ஃபைல்களைக் கொண்டுபோனார். இதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவனும் வாயைத் திறக்கவில்லை.

உள்ளே அட்டைப் பெட்டி. ஆளுக்கு ஓர் அட்டை. எதிலும் பேர் கிடையாது. பேரைக்கூட அவள் மறைத்திருந்தாள். 'பேக்கரி.' 'பஸ் டிரைவர்.' 'சலவைக்கடை அக்கா.' கீழே எண். அதற்குக் கீழே ஆள் எங்கே தடுக்கி விழுகிறார் என்ற குறிப்பு. சலவைக்கடை அக்காவின் அட்டையில், 'ல, ள, ழ மூணும் ஒண்ணுதான். ஆனா பயமே கிடையாது, எது கேட்டாலும் அடிச்சு விடுவாங்க' என்று எழுதியிருந்தாள். பிறகு தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் மூன்று கட்டம். பேசத் தொடங்கும்போது தேதி போடுவாள், ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் ஒரு கட்டத்தில் குறி போடுவாள்.

சலவைக்கடை அக்காவின் அட்டையில் கடைசித் தேதி அந்தப் புதன்கிழமை. முதல் கட்டத்தில் குறி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவது காலி.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். அன்றைக்கு அவளோடு பேசிய ஒரு ஆள் இருக்கிறார். அவருக்கு ஒரு போன் நம்பரும் இருக்கிறது. எட்டு மாதமாக அவன் இடுப்புக்கு எதிரே, ஒரு டிராயருக்குள்.

ரிசீவரை எடுத்தான். விரல் தானாக மூன்று ஏழு மூன்றைப் போட்டது. சட்டம் போட்டவனுக்கும் சட்டம்தான். பிறகு எண்ணை அடித்தான்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். பின்னால் இயந்திரங்கள் தடதடத்துக்கொண்டிருந்தன.

"வந்துட்டியா டெலிபோன்காரி? எட்டு மாசம். மூணாவதுக்கு எது சரின்னு சொல்லாமலே வெச்சிட்டுப் போயிட்டியே."

எண் விழாமல் அந்தக் கடைக்கு வருகிற அழைப்பு ஒன்றே ஒன்றுதான் என்பது அவனுக்குத் தோன்றாமல் போயிற்று. அந்தப் பெண் காத்திருந்தாள். காதில் ஒன்றும் விழவில்லை, சத்தமாகப் பேசு, மிஷின்ல பேட்டரி புதுசுதான் என்றாள். தான் டெலிபோன்காரியின் வீட்டுக்காரர் என்று சொன்னான். அவள் எங்கே என்று கேட்டாள்.

"அவ இல்லைங்க."

"இல்லைன்னா? வெளியில போயிருக்காளா? கிளினிக்ல கேட்டேன், அந்தப் புதுப் பொண்ணும் இதையேதான் சொன்னா, அவங்க இல்லைன்னு. சரி, லீவுல இருக்கா, புள்ளை கிள்ளை உண்டாயிருக்கா போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவன் ரிசீவரை வாய்க்கு அருகே கொண்டுவந்தான்.

"இறந்துட்டாங்க."

"இறங்கிட்டாளா? எங்க இறங்கிட்டா?"

எட்டு மாதமாக எல்லோரிடமும் அவன் சொல்லிவந்தது 'இல்லை' என்ற ஒரே வார்த்தைதான். கேட்டவர்கள் எல்லோரும் பாதியிலேயே புரிந்துகொண்டு, போதும் போதும் என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். இந்தப் பெண்ணிடம் அது செல்லாது. இவளுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்ல வேண்டும், உரக்கச் சொல்ல வேண்டும்.

"செத்துப்போயிட்டா" என்றான். நடைவழியில் அது எதிரொலித்தது. "அன்னிக்கே. உங்ககிட்ட பேசின அன்னிக்கே."

இயந்திரங்கள் தடதடத்தன. ஒவ்வொன்றாக அவை நிற்கும் சத்தம் கேட்டது. யாரோ நிறுத்திக்கொண்டே நடக்கிறார்கள். கடைசியில் ஒரு சத்தமும் இல்லை. சலவைக்கடை அக்கா போனுக்குத் திரும்ப வந்தாள். அன்றைக்கு அவள் உங்களிடம் என்ன பேசினாள் என்று அவன் கேட்டான்.

"நோட்டுல இருக்கு தம்பி. போன்ல சொன்னா நான் ஒண்ணு படிப்பேன், நீங்க ஒண்ணு கேப்பீங்க. நேர்ல வாங்க."

கடை மூன்று தெரு தள்ளி, பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. நான்கு பெரிய இயந்திரங்கள், நீள இஸ்திரி மேஜை, கூரை முட்டக் கட்டித் தொங்கவிட்ட துணிகள், ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துண்டுச் சீட்டு. சலவைக்கடை அக்காவுக்கு ஐம்பதுக்குப் பக்கம் இருக்கும். வலது காதுக்குப் பின்னால் மிஷின். பேசுகிறவரின் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தாள். அவனைத் தலைமுதல் கால்வரை அளந்தாள்.

"நீங்கதான் குடிச்சிட்டுப் பாடுறவரா?"

அவன் விழித்தான். அவள் நோட்டைப் பிரித்து ஒரு பக்கத்தைக் காட்டினாள். 'என் புருஷன் தினமும் குடிக்கும்போது பாடுவார்' என்று எழுதி, 'குடிக்கும்' என்பதை அடித்து, 'குளிக்கும்' என்று திருத்தியிருந்தது. மற்றதெல்லாம் போனிலேயே அப்போதைக்கப்போது திருத்தியது, இது மட்டும் டெலிபோன்காரியின் காதுக்கும் தப்பி, ஒரு மாதம் கழித்துக் கிளினிக்கில் திருத்தியது. நடுவில் அந்த ஒரு மாதமும், இவ்வளவு நல்ல பெண்ணுக்கு இப்படி ஒரு குடிகாரன் வாய்த்தானே என்று இவள் மனசுக்குள்ளே அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். போனில் சாடைமாடையாகப் புத்திமதியும் சொல்லியிருக்கிறாள், விட்டுட்டு வந்துடு, என்கிட்ட வேலை இருக்கு என்று. டெலிபோன்காரி அதற்கும் சிரித்தாளாம்.

"உக்காருங்க" என்று ஒரு ஸ்டூலைத் தள்ளினாள். நோட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு, சுருக்கமே இல்லாத இஸ்திரி மேஜை விரிப்பை உள்ளங்கையால் நீவ ஆரம்பித்தாள்.

அவன் முதல் பக்கத்திலிருந்து படித்தான்.

'பழைய சிரிப்பைத் தூக்கிப் போட மாட்டேங்கிறார்.' சிரிப்பு அடிக்கப்பட்டு, செருப்பு. 'கிளம்பும்போது தினமும் சாமியைத் தேடுவார்.' சாமி அடிக்கப்பட்டு, சாவி. 'மேல்வீட்டு டீச்சர் மலை வருதுன்னு துணி எடுக்குறாங்க.' 'லிஃப்ட்காரருக்கு உயரம்னா பயம், யார்கிட்டயும் சொல்லாதீங்க.' இதில் ஒரு திருத்தமும் இல்லை, சரி போட்டிருந்தது. 'நேத்து சண்டை. இன்னிக்கு அவரே டீ போட்டார். சக்கரை போட மறந்துட்டார். நான் சொல்லலை.'

அந்த டீ அவனுக்கு நினைவிருந்தது. முழுக் கப்பையும் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். ஒன்றரை வருஷம் இருக்கும். ஜன்னல் பக்கம் நின்று குடித்தாள். அவனும் அதே டீயைத்தானே குடித்தான், அவனுக்கு ஏன் தெரியவில்லை? இல்லை, அவன் அன்று குடிக்கவில்லை, கோபத்தில் தன் கப்பைத் தொடாமலே போய்விட்டான். இதெல்லாம் நோட்டில் இல்லை. நோட்டிலிருந்து கிளம்பி வந்தது.

பக்கம் பக்கமாக அவன் வீடு. கதவு கிறீச்சிடுவது, அவன் ஈரத் துண்டை நாற்காலியில் போடுவது, தூக்கத்தில் மாடி எண்களைச் சொல்வது, எல்லாம் நீல மையில், இன்னொருத்தியின் கோணல் கையெழுத்தில். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் காவல் காத்தது ஏழு இலக்கத்தை. எண் மட்டும்தான் மறைந்திருந்தது. வீடு முழுக்க வெளியே வந்துவிட்டிருந்தது. முதல் தடவையாக அதற்கு அவன் சந்தோஷப்பட்டான்.

பிறகு அந்தத் தேதி வந்தது.

ஒன்று: 'கை பழக்கத்துல என் புருஷன்கிட்டயே நம்பரை மறைச்சுட்டேன்.' சரி.

அவன் அதை மறுபடி படித்தான். மறுபடியும் படித்தான். சலவைக்கடை அக்கா அவன் விரல் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். போனை எடுத்ததுமே சிரிப்பாம். இப்பத்தான் அவருக்குப் போட்டேன்க்கா, பழக்கத்துல அந்த மூணு நம்பரையும் சேர்த்துப் போட்டுட்டேன், அவர் தலைகீழா நின்னாலும் எடுக்க மாட்டார், சட்டம் பேசற ஆளு என்றாளாம். அப்போது உடம்பு எப்படி இருந்தது, குரல் எப்படி இருந்தது என்று கேட்டான். நல்லாத்தான் இருந்தாள் என்றாள்.

இரண்டு: 'சாயங்காலம் வரும்போது பல்லு வாங்கிட்டு வரச் சொல்லணும்.' பல்லு அடிக்கப்பட்டு, பல்பு.

குளியலறை பல்பு. அவ்வளவுதானா? அதற்குத்தானா? எட்டு மாதமாக நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல் ஒரு பல்பா? அவன் மூச்சை விட்டான். கண் ஒரு வரி கீழே இறங்கியது.

மூன்று: 'தொட்டா வலிக்குது. படுத்துட்டு வர்றேன்.'

திருத்தம் இல்லை. குறி இல்லை. அதற்குக் கீழே வெறும் கோடுகள்.

நோட்டை மூடினான். திரும்பத் திறந்தான். அதேதான் இருந்தது. சலவைக்கடை அக்கா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகக் குறுக்கே விழுந்தாள்.

"அது தப்பு தம்பி. நான் தப்பா எழுதினது. நான் திருப்பிச் சொன்னதும் சிரிச்சா. சரியா சொன்னா அவ சிரிக்க மாட்டா, ம்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தப்புன்னாதான் சிரிப்பு. சிரிச்சிட்டே வெச்சிட்டா. தப்புன்னு தெரியும், எது சரின்னுதான் எனக்குத் தெரியலை."

எட்டு மாதமாகச் சலவைத் துணி மடிக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை வாயில் போட்டு உருட்டிப் பார்த்திருக்கிறாளாம். வலி, வளி, வழி. ஒன்றும் பொருந்தவில்லையாம். அவன் தலையாட்டினான். வலியை மறைக்கவும் சிரிக்கலாமே என்று நினைத்தான், சொல்லவில்லை. எழுந்தான். நோட்டைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வாசல் வரை வந்து, உங்க போன் நம்பரையாவது கொடுத்துவிட்டுப் போங்க என்றாள். அவன் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வழியில் ஒரு பல்பு வாங்கினான். அவள் வாங்கச் சொன்னது. எட்டு மாதம் தாமதம்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவக் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மோட்டார் சுவிட்சைப் போட்டான். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஸ்டூலை எடுத்துக் குளியலறையில் போட்டு ஏறினான். உயரமென்றால் பயம், யார்கிட்டயும் சொல்லாதீங்க. பழைய பல்பு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினான். நேரம் போனது. கடைசியில் கழன்றது. புதியதைப் போட்டான். வெளிச்சம் வந்தது. கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது, அவன் நினைத்திருந்ததைவிட இளைத்து.

அப்போது படிக்கட்டிலிருந்து டீச்சரின் குரல் வந்தது.

"தம்பி, தொட்டி வழியுது."

அவன் ஸ்டூலின் மேல் நின்றபடியே இருந்தான். என்ன சொன்னீங்க என்று கேட்டான். தொட்டி வழியுது, மோட்டாரை நிறுத்துங்க என்றார் டீச்சர். இன்னொரு முறை சொல்லுங்க என்றான். டீச்சர் கிண்டல் என்று நினைத்துக்கொண்டு, வகுப்பில் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தொட்டி. வழியுது.

இறங்கினான். சமையலறைக்குப் போய் மோட்டாரை நிறுத்தினான். கதவைத் திறந்தபோது டீச்சர் ஈரப் படியில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவன் முகத்தைப் பார்த்ததும் குரல் தணிந்தது. அன்றைக்கும் இதைச் சொல்லத்தான் கீழே வந்ததாகச் சொன்னார். ரொம்ப நேரமாக வழிந்துகொண்டிருந்தது, அவள் இவ்வளவு நேரம் விடுகிறவள் இல்லையே என்று இறங்கி வந்தாராம். இதை முன்பே சொல்லியிருப்பதாகவும் சொன்னார். இருக்கலாம். அவனுக்கு அப்போது எதுவும் காதில் விழவில்லை.

டெலிபோனிலிருந்து மோட்டார் சுவிட்சுக்கு ஆறு எட்டு வைக்க வேண்டும். அவள் நான்காவதில் கிடந்தாள்.

சிரித்துக்கொண்டே ரிசீவரை வைத்தவள். மோட்டாரை நிறுத்தப் போனவள். அவ்வளவுதான். வலியும் இல்லை, படுக்கையும் இல்லை. டாக்டர் எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொல்லியிருப்பார், ஆனால் அது உண்மையாக இருந்துவிட்டது.

செருப்பு அலமாரியின் மேல் ஏறி உட்கார்ந்தான். அது முனகியது. சுவரில் தலை சாய்ந்த இடம் அவன் தோளுக்குத்தான் வந்தது. அப்போதுதான் கண்ணில் நீர் வந்தது, தொட்டி நிறைந்து வருவதுபோல, நிற்காமல், சத்தமும் இல்லாமல். அது தானாக நிற்கும்வரை விட்டான்.

ரிசீவரை எடுத்தான். டயல் டோன் வந்தது. விரல் மூன்று என்ற எண்ணின் மேல் போய் நின்றது. அதை எடுத்துவிட்டு, சலவைக்கடையின் எண்ணை மட்டும் அடித்தான்.

"யாருங்க, புது நம்பரா இருக்கு?" என்றாள் அவள்.

"எங்க வீட்டு நம்பர்தான்க்கா" என்றான். மூன்று நாள்தான் இருக்கும், அதுவரை எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், சாப்பிடும் நேரமானாலும் சரி என்றான். பிறகு, மூன்றாவது வாக்கியம் கிடைத்துவிட்டது என்றான்.

மறுமுனையில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. நோட்டுப் புரளும் சத்தம். பேனாவைத் தேடும் சத்தம். சொல்லுங்க தம்பி, மெதுவாகச் சொல்லுங்க என்றாள்.

அவன் ஒயரை விரலில் சுற்றிக்கொண்டான். ழகரம் ழகரமாகவே போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக, அவள் சொன்னபடியே சொன்னான்.

"தொட்டி வழியுது. நிறுத்திட்டு வர்றேன்."